மாங்குளம் முதல் பாகூர் வரை: ஊர் வரலாறும் மாநாடுகளும் நூல்களும்

வரலாற்று மாநாடு என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவிற்கு வருவன குத்துவிளக்கு, பொன்னாடை, நிறுவனத்தின் பெயர் பொறித்த பை, மதிய உணவுச் சீட்டு, மாலையில் வழங்கப்படும் சான்றிதழ் ஆகியவையே. கட்டுரை வாசிப்போருக்கு ஐந்து நிமிடம். வாழ்த்துரை வழங்குவோருக்கு வரம்பில்லை. இக்காட்சிகளைக் கண்டு சலித்த நண்பர் ஒருவர், 'மாநாடுகளால் எந்தக் கல்வெட்டாவது வாசிக்கப்பட்டதுண்டா?' என்று அண்மையில் நம்மிடம் கேட்டார். உண்டு என்பதே விடை. அதுவும் தமிழின் மிகப் பழைய கல்வெட்டுகள் வாசிக்கப்பட்டதே மாநாடுகளின் வழியாகத்தான். ஊர் வரலாற்றில் ஆர்வமுடையோர் மாநாட்டுச் செய்திகளையும் நூல் வரவுகளையும் ஏன் கருத்தூன்றிக் கவனித்தல் வேண்டும் என்பதற்கு அவ்வரலாறு ஒன்றே போதும்.

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து மாங்குளம் மலைக் குகைகளில் எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதை 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். சென்னை மாகாணத்துத் தொல்பொருள்களை ஊர்வாரியாகப் பட்டியலிட்டு 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் நூல்களாக வெளியிட்டவர் அவரே. எழுத்து பிராமி என்பது தெரிந்தது. மொழி எதுவெனத் தெரியவில்லை. 1919-இல் பூனாவில் கூடிய முதலாம் அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி தென்னாட்டுக் குகைக் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வழங்கினார். அதில் வாசிப்பு முழுமை பெறவில்லை. ஆயினும் கல்வெட்டுகள் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு அறிஞர் அவையின் முன் வைக்கப்பட்டன. அதன் பயன் ஐந்தாண்டுகளில் விளைந்தது. 1924 டிசம்பரில் சென்னையில் கூடிய மூன்றாம் கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய அய்யர், இக்கல்வெட்டுகளில் ழ, ள, ற, ன ஆகிய தமிழுக்கே உரிய ஒலிகளுக்குத் தனி வடிவங்கள் இருப்பதையும், ஆதலின் இவற்றின் மொழி தமிழே என்பதையும் எடுத்துக் காட்டினார். வடநாட்டுப் பிராமியில் இல்லாத நான்கு எழுத்துகளை அடையாளங் கண்டதே அவர்தம் அருஞ்செயல். பூட்டு எதுவெனத் தெரிந்துவிட்டது. திறப்பதற்கு மேலும் காலம் பிடித்தது.

அவர் வாசிப்பில் எஞ்சி நின்ற சிக்கல் உயிர்க் குறிகளைப் பற்றியது. மாங்குளம் போன்ற தொன்மையான கல்வெட்டுகளில், குறியேதும் இல்லாத எழுத்து வெறும் மெய்யைக் குறிக்கும். அகரம் வேண்டுமிடத்துப் பக்கக்கோடு ஒன்று இடப்படும். வடநாட்டு முறையிலோ அக்கோடு ஆகாரத்திற்கு உரியது. இந்த வேறுபாட்டை அறியாமல் வாசித்தால் மெய்கள் எல்லாம் அகரம் ஏறியும் குறில்கள் நெடிலாகியும் சொற்கள் உருமாறிப் போகும். இந்த எழுத்து முறையை ஒழுங்குபடுத்தி விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப்பணி அலுவலராக இருந்துகொண்டே கல்வெட்டாய்வு செய்தவர் அவர். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும், கரூரை அடுத்த புகழூரில் சேரர் மூன்று தலைமுறையினரின் பெயர்களையும் 1965-ஐ ஒட்டி அவர் வாசித்தறிந்தார். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என வரும் அந்த வரிசை, பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் பாடஞ் சொல்லும் தமிழாசிரியர்கள் அனைவரையும் நிமிர்ந்து உட்காரச் செய்திருக்கும். 1966-இல் சென்னையில் நடைபெற்ற கல்வெட்டுக் கருத்தரங்கில் அவர் அளித்த தொகுப்பே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் முதல் முறையான தொகுதி. இரா. நாகசாமி பதிப்பித்த அக்கருத்தரங்கத் தொகுதி 1968-இல் நூலாயிற்று.

1882-க்கும் 1924-க்கும் இடையே 42 ஆண்டுகள். 1924-க்கும் 1966-க்கும் இடையே மீண்டும் 42 ஆண்டுகள். தற்செயல்தான், எனினும் ஒரு கல்வெட்டு வாசிக்கப்படுவதற்கு ஒருவர் வாழ்நாள் போதாது என்பதனை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. அங்கும் கதை முடியவில்லை. மகாதேவன் மீண்டும் மலையேறிக் குகைதோறும் சென்று, நேரில் பார்த்துப் படியெடுத்து, முன்னைய வாசிப்புகளைத் திருத்தினார். தொடக்கக் காலத் தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய அவரது பெருநூல் க்ரியா, ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டு வெளியீடாக 2003-இல்தான் வந்தது. திருத்திய பதிப்பைச் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. 1966-இல் சில பக்கங்களாக இருந்த கட்டுரை நூலாக முதிர்வதற்கு 37 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2018-இல் அவர் மறையும்வரை அந்த ஆய்வு அவரை விடவில்லை.

அதே 1966-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. தனிநாயக அடிகளின் அயராத உழைப்பால் நிகழ்ந்த அம்மாநாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் விழாச் சிறப்பையே பேசுவர். ஊர் வரலாற்று நோக்கில் அங்கு நிகழ்ந்த மிகப் பெரிய செய்தி வேறு. நொபொரு கராஷிமா என்னும் இளம் ஜப்பானிய ஆய்வாளர், அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு சோழர்கால ஊர்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். இரண்டும் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரைப் பகுதியைச் சேர்ந்தவை. பேரரசர் எவரையும் பற்றியதன்று அக்கட்டுரை. போர் இல்லை, வெற்றி இல்லை. நிலம் யாரிடம் இருந்தது, யார் விற்றார், யார் வாங்கினார் என்ற எளிய வினாக்களையே அவர் எழுப்பினார். ஈசானமங்கலம் பிரமதேயம்; அங்கே தனியாட்கள் நிலத்தை விற்றதும் கொடுத்ததும் கல்வெட்டுகளில் காணப்பட்டன. அல்லூரோ வெள்ளான்வகை ஊர். அங்கே நிலத்தை விற்பவர்கள் ஊரார். அதாவது பிரமதேயத்தில் தனியுடைமையும், வேளாளர் ஊரில் பொதுவுடைமைத் தன்மையும் ஒரே காலத்தில் அருகருகே நிலவியிருக்கின்றன என்பது அவர் கண்ட முடிவு.

இதன் அருமை என்ன என்று மாணவர் கேட்பதுண்டு. அதுகாறும் சோழர் ஊராட்சியைப் பற்றி எழுதியோர் உத்தரமேரூர்க் குடவோலையை வைத்துக்கொண்டு தமிழகம் முழுமைக்கும் ஒரே சித்திரத்தைத் தீட்டினர். சபை வேறு, ஊர் வேறு என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் நிலவுடைமையில் அவ்வேறுபாடு எவ்வளவு ஆழமானது என்பதை எடுத்துக்காட்ட இரண்டே ஊர்களை அருகருகே வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டியிருந்தது. பின்னாளில் கராஷிமா, பிற்காலச் சோழர் காலத்தில் பிரமதேயம் அல்லாத ஊர்களிலும் தனியாள் நிலவுடைமை பெருகியதைக் காட்டி, அந்த மாற்றத்தின் வழியே 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் சமூகக் கொந்தளிப்பை விளக்கினார். பேரரசின் வரலாற்றைத் திருத்தி எழுத ஒரு சிற்றூரின் வரலாறு போதும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நாம் அறிந்தவரையில் இல்லை. ஆயினும் அல்லூர் வழியாகப் பேருந்தில் செல்வோருள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கராஷிமாவோடு இணைந்து பணியாற்றிய எ. சுப்பராயலு 1973-இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் பற்றிய நூல் மற்றொரு திருப்பம். கல்வெட்டுகளில் இன்ன நாட்டு இன்ன ஊர் என்று வருவனவற்றையெல்லாம் இன்றைய ஊர்களோடு பொருத்தி, நாடுகளின் எல்லைகளை வரைபடத்தில் குறித்தார் அவர். நாடு என்பது அரசன் கோடு கிழித்து வகுத்த பிரிவன்று, நீரும் நிலமும் சார்ந்து வேளாண் குடிகள் கூடி அமைத்துக்கொண்ட வட்டாரம் என்னும் கருத்து அந்த வரைபடங்களிலிருந்தே வலுப்பெற்றது. பல இடங்களில் நாட்டின் எல்லை ஆற்றைத் தாண்டி மறுகரைக்கும் செல்வதைப் பார்த்தால் அது விளங்கும். ஆட்சியாளர் வகுத்த பிரிவாயின் ஆறே எல்லையாக நின்றிருக்கும். கராஷிமா, சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகிய மூவரும் 1978-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவும், சுப்பராயலு பொறுப்பில் சாந்தி சாதனா 2002, 2003 ஆண்டுகளில் வெளியிட்ட தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் இருத்தல் வேண்டும். இல்லாத நூலகங்களே மிகுதி என்பதை வருத்தத்துடன் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனி நூல் வெளியீட்டின் மறுபக்கத்திற்கு வருவோம். 1886 டிசம்பரில் சென்னை அரசு ஹூல்ஷைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்தியது; தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. தொடக்கம் விரைவாகவே இருந்தது. பிறகு படியெடுப்பு முந்த, பதிப்பு பிந்தியது. 1903-04-இல் படியெடுத்த கல்வெட்டுகளைக் கொண்ட 17-ஆம் தொகுதி 1964-இல் வந்தது. 1906-07-இல் படியெடுத்தவற்றைக் கொண்ட 23-ஆம் தொகுதி 1979-இல் வந்தது. படியெடுத்தவர்களில் எவரும் அந்த அச்சுத் தாளைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எண்ணற்ற கல்வெட்டுகள் ஆண்டறிக்கைகளில் இரண்டொரு வரிச் சுருக்கமாக மட்டுமே வெளிப்பட்டன. இன்ன மன்னன், இன்ன ஆட்சியாண்டு, விளக்கெரிக்க இத்தனை ஆடு என்ற அளவோடு அறிக்கை நின்றுவிடும். எல்லையாகக் குறிக்கப்பட்ட வாய்க்காலின் பெயர், கையெழுத்திட்ட ஊர்க்கணக்கன் பெயர், அளந்த கோலின் பெயர் ஆகிய இவையே ஊர் வரலாற்றுக்கு உயிர். அவை சுருக்கத்தில் இடம் பெறா.

கல்வெட்டுத் தலைமை அலுவலகம் உதகமண்டலத்திலிருந்து 1966-இல் மைசூருக்குச் சென்றது. 1966 நம் கதையில் மூன்றாம் முறையாக வருகின்றது. தமிழ் மைப்படிகளும் அங்கே சென்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-இல் ஆணையிட்டது நினைவிருக்கலாம். வழக்கு வரை இச்செய்தி சென்றதை மொழி உணர்ச்சி என்று ஒதுக்கியோரும் உண்டு. மைப்படி என்பது வெறும் தாளன்று. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளங்களில் பதியச் செய்து, மை ஒற்றி எடுக்கப்படும் அந்தப் படி, கல் அழிந்த பின்னர் அதற்கு ஈடாக நிற்பது. திருப்பணி என்ற பெயரில் சுவரைப் பிரித்துக் கற்களை இடம் மாற்றிக் கட்டுவதையும், மணல் வீச்சு இயந்திரத்தால் சுவர்களைத் தேய்த்து வெண்மையாக்குவதையும் நாம் நம் காலத்தில் கண்டிருக்கிறோம். அங்கே ஓராயிரம் ஆண்டு மழையும் வெயிலும் செய்யாததை இயந்திரம் ஒரே பகலில் செய்து முடிக்கும். அத்தகைய கோயில்களுக்கு நூறாண்டுகளுக்கு முன் எடுத்த மைப்படியே இன்று மூலம். அதுவும் அச்சேறவில்லையெனில் அவ்வூரின் வரலாறு ஓர் அலமாரியின் கதவுக்குப் பின்னே இருக்கின்றது என்பதுதான் பொருள்.

மாநில அரசின் தொல்லியல் துறை 1961-இல் தோன்றியது. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில் கருத்தரங்கும் நூல் வெளியீடும் ஒன்றையொன்று தொடர்ந்து நிகழ்ந்தன. 1972-இல் செங்கம் நடுகற்கள், 1974-இல் நடுகற்களுக்கெனவே ஒரு கருத்தரங்கு, 1975-இல் தருமபுரிக் கல்வெட்டுகள் என்று அது நீளும். செங்கம் நூலை இலக்கிய ஆர்வலர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நலம். தொறு மீட்டுப் பட்ட மறவர்களின் கற்கள் வரிசையாக வரும் அந்நூலில், எடுத்தனூர்க் கல் தனித்து நிற்கின்றது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது அது. கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவன் நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம் அந்த நாய். மகேந்திரனின் விருதுப் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு, அவன் ஆட்சியில் வாழ்ந்த ஒரு நாயின் பெயரும் நமக்குத் தெரியும் என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

துறையின் கல்வெட்டுப் பயிற்சி நிறுவனமும் இவ்வளவே முதன்மையானது. திருக்கோவலூருக்கு அருகில் உள்ள சம்பையில் அதியமான் நெடுமானஞ்சியின் பெயர் பொறித்த கல்வெட்டு 1981-இல் வெளிப்பட்டபோது, அதைக் கண்டவர் அங்குப் பயின்றுகொண்டிருந்த ஒரு மாணவரே. அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு எண்ணப்படும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர் பலகாலம் வாதிட்டு வந்தனர். சம்பைக் கல் அதியமானைச் சதியபுதோ என்று குறித்து அவ்வாதத்தை முடித்து வைத்தது. எழுத்தின் காலத்தைப் பற்றி ஐயம் எழுப்பியோரும் உண்டு. மகாதேவன் அவற்றுக்கு விரிவாக விடையிறுத்தார்.

அரசுக்கு வெளியே நிகழும் முயற்சிகளுள் தஞ்சாவூரை இருப்பிடமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகத்தை முதலில் குறிப்பிடல் வேண்டும். அதன் ஆண்டிதழ் ஆவணம் 1991 முதல் வெளிவருகின்றது. ஆண்டுக் கருத்தரங்கும் இதழும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கருத்தரங்கு ஆண்டுதோறும் வெவ்வேறு ஊர்களில் நடைபெறுவதால் அந்தந்த வட்டாரத்து ஆர்வலர்கள் பெருந்தொகையாக வந்து கலந்துகொள்ள வாய்ப்பு ஏற்படுகின்றது. பேராசிரியர்கள், துறை அலுவலர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்கள், நாணயம் சேர்ப்போர் என்று பலதிறத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். படத்தைத் திரையில் காட்டி ஒருவர் ஒரு சொல்லை வாசிக்க, 'அது ரகரமன்று, காலெழுத்து' என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு வாசிப்பவர் அடுத்த படத்திற்குச் செல்வார். அவரை அங்கே கேட்பது படம் தெளிவாக உள்ளதா, பாடம் சரியா என்பதையே. பட்டத்தை எவரும் கேட்பதில்லை.

இதழின் அமைப்பும் கருதத்தக்கது. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, காகித ஆவணம், காசு என எது கிடைப்பினும் அதன் இடம், காலம், செய்திச் சுருக்கம், முழுப் பாடம் ஆகியவை தரப்பெறும். பாடம் தரப்படுகின்றது என்பதே உயிர்நாடி. வாசிப்புத் தவறாயின் பிறர் திருத்தலாம். சுருக்கம் மட்டும் இருப்பின் திருத்த வழியில்லை. 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசனும் ஆய்வு மாணவர்களும் தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைக் கண்டறிந்து அவ்வாண்டே ஆவணம் இதழில் வெளியிட்டனர். மாங்குளத்திற்கு ஆன காலத்தையும் இதற்கு ஆன காலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் அவற்றுள் ஒன்று. ஆகோள் என்னும் சொல் தொல்காப்பியப் புறத்திணையியலில் வெட்சித் துறையாக வருவது. அச்சொல்லை இலக்கண மரபாக மட்டும் கற்பித்துவந்த நம்மவர்க்கு, வைகைக் கரையின் ஒரு சிற்றூரில் உண்மையான ஓர் ஆளின் சாவுக்கு அதே சொல் வழங்கப்பட்டிருப்பதைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. அதுவரை கிடைத்த நடுகற்கள் பெரும்பாலும் பல்லவர் காலத்தையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்தவை. சங்கப் பாடல்கள் சொல்லும் எழுத்துடை நடுகல் வெறும் கற்பனையோ என்ற ஐயம் அன்றோடு அகன்றது.

திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன் 1982-இல் தொடங்கிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையமும் இவ்வகையில் பெரும் பணி ஆற்றியுள்ளது. ஒரு கோயிலை எடுத்துக்கொண்டால் அதிட்டானத்தின் உறுப்பு முதல் விமானத்தின் தூபி வரை அளந்தும் எண்ணியும் எழுதுவது அதன் வழக்கம். மையத்தின் இதழான வரலாறு அத்தகைய கட்டுரைகளால் நிறைந்தது. அவசர வாசகர்களுக்கு அது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் திருப்பணிக்குப் பின் அந்தக் கோயிலுக்குச் சென்று, முன்பு இருந்தது இப்போது எங்கே என்று கேட்பதற்கு வேறு ஆவணம் இராது.

நாளிதழ்களில் வாரந்தோறும் 'ஆயிரம் ஆண்டுப் பழமையான கல்வெட்டு கண்டுபிடிப்பு' என்று செய்தி வருகின்றது. மகிழ்ச்சியே. ஆயினும் அவற்றுள் சில, நூறாண்டுகளுக்கு முன்பே படியெடுக்கப்பட்டு ஆண்டறிக்கையில் எண் பெற்றவை. ஆர்வலர் மீது குற்றமில்லை. தேடுதற்குரிய நூல்கள் அவர் கைக்கு எட்டுவதில்லை. வி. ரங்காச்சாரி 1919-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் ஊர்வாரிப் பட்டியலை முதலில் பார்க்கவேண்டும். அதற்குப் பிற்பட்டவற்றுக்கு தி.வை. மகாலிங்கம் தொகுத்து 1985 முதல் வெளிவந்த தமிழ்நாடு, கேரளப் பட்டியல் உண்டு. புதுக்கோட்டைப் பகுதியாயின் 1929-இலேயே சமஸ்தானம் தன் கல்வெட்டுகளைப் பாடத்தோடு அச்சிட்டுவிட்டது. அளவில் சிறிய அந்தச் சமஸ்தானம் காட்டிய அக்கறை இன்றும் வியக்கத்தக்கது. மாநிலத் தொல்லியல் துறை 2000-களில் வெளியிட்ட மதுரை, கோயம்புத்தூர், கிருஷ்ணகிரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் துணை செய்யும். இவற்றில் இல்லையெனில் பிறகு 'புதியது' என்று அறிவிக்கலாம். ஏற்கெனவே பதிவானது என்று தெரியவந்தாலும் உழைப்பு வீணன்று. 1910-இல் முழுமையாக இருந்த கல் இன்று பாதியாகச் சிதைந்துள்ளது என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே.

கல்லூரிக் கருத்தரங்குகளைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 ஆம் ஆண்டு விதிகள் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வகுத்தன. அதன்பின் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை 'வாசித்து', தலையணைப் பருமனில் தொகுதி வெளியிடும் வழக்கம் பெருகிற்று. தொகுதிக்கு எண் உண்டு; ஆனால் அதைத் திறந்து பார்ப்பவர் தம் கட்டுரையை மட்டும் பார்த்து மூடிவிடுவர். இதைப் புறத்திலிருந்து பழித்துப் பயனில்லை, நாமும் அந்த வரிசையில் நிற்பவர்களே. ஆயினும் அத்தகைய தொகுதிகளின் நடுவே தன் ஊர்ப் பெரிய ஏரியின் மதகுக் கல்லைப் பற்றியோ, தன் தெருவிலிருந்த அச்சுக்கூடத்தைப் பற்றியோ ஒரு மாணவி எழுதிய நான்கு பக்கம் ஒளிந்திருக்கும். தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை ஆகியவற்றின் ஆண்டுத் தொகுதிகளையும் இந்தக் கண்ணோடு புரட்டினால் ஊர் வரலாற்றுக்குரிய செய்திகள் ஆங்காங்கே கிடைக்கும். பொருளடக்கத்தை மட்டும் ஊர்வாரியாகத் தொகுத்து ஒருவர் வெளியிட்டால் அதுவே பெருந்தொண்டாகும்.

அகழாய்வுச் செய்திகளைப் பொறுத்தவரை நிலை மாறியிருக்கிறது. கீழடியில் மாநிலத் துறை செய்த அகழாய்வைப் பற்றி 2019-இல் வெளிவந்த சிறுநூல் சாதாரண வாசகர் வீடுகளுக்கும் சென்றது. 2025 ஜனவரியில், சிந்துவெளி நாகரிகம் பற்றிய 1924-ஆம் ஆண்டு அறிவிப்பின் நூற்றாண்டையொட்டிச் சென்னையில் மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அதே மாதத்தில் 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வு நூலும் வெளியிடப்பட்டது. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்லும் அந்நூலின் முடிவுகள் பெரும் விவாதத்தை எழுப்பின. விவாதம் எழுவதற்கு இடந்தருமாறு மாதிரிகளும் ஆய்வகக் கணிப்புகளும் அச்சில் தரப்பட்டிருப்பதே நாம் பாராட்டுவது. முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேச முடிகிறது.

இக்களத்தில் தமிழாசிரியர்களின் பங்கு தனியே எழுதத்தக்கது. குடந்தை பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த தி.வை. சதாசிவ பண்டாரத்தார், தம் பிறந்த ஊரான திருப்புறம்பயத்தின் தல வரலாற்றையும் எழுதினார், பிற்காலச் சோழர் சரித்திரத்தையும் எழுதினார். முன்னது சிறியது என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை. இரண்டிலும் அதே கண்டிப்போடு கல்வெட்டு எண்களைக் கொடுத்திருப்பார். தொ. பரமசிவன் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கு அழகர் கோயிலை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கும் சுற்றியுள்ள சாதியாருக்குமான உறவைத் திருவிழாவின் வழியே ஆராய்ந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதனை 1989-இல் நூலாக்கியது. நாஞ்சில் நாட்டிற்கு அ.கா. பெருமாள் எழுதியவை வேறொரு வரிசை.

இவர்களோடு வைத்து எண்ணத்தக்கவர் புதுவையை அடுத்த பாகூரைச் சேர்ந்த புலவர் சு. குப்புசாமி. புதுச்சேரிப் பகுதிக் கல்வெட்டுகளைத் தொகுத்தவர் அவர். கோ. விஜயவேணுகோபால் அவற்றைப் பதிப்பிக்க, பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளின் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் 2006-இல் முதற்பகுதியையும் 2010-இல் இரண்டாம் பகுதியையும் வெளியிட்டன. முதற்பகுதியில் முன்னுரையும் பாடங்களும் குறிப்புகளும் உள்ளன; இரண்டாம் பகுதியில் மொழிபெயர்ப்பும் பின்னிணைப்புகளும் சொல்லடைவும் உள்ளன. பாகூர் வட்டாரத்துப் பெயர்களைத் தேடுவோர் சொல்லடைவிலிருந்து தொடங்கினால், அங்கிருந்து பாடத்திற்கும், பாடத்திலிருந்து கோயிற் சுவருக்கும் செல்லலாம்.